மேல், கீழ், கீழ், மேல்

போன வாரம் துளி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாளே, அந்தச் சத்தம் சின்னவளின் காதில் இன்னும் அடங்கவில்லை.

"அம்மாவோட போர்வை தறியை விட்டு இறங்குற வரைக்கும் இருங்க சித்தி. அதுக்கப்புறம் உங்க வழியைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சித்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் அப்பாவின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துச் சொன்னாள். அப்பாவும் அந்த டம்ளரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் போர்வை இறங்கும் நாள் இன்று.

காலையில் எழுந்ததும் சின்னவள் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பெட்டியை இழுத்தாள். தூசி தட்டினாள். மறுபடி உள்ளே தள்ளினாள். போகச் சொன்னால் தயாராக இருக்கட்டும். இருக்கச் சொன்னால் அது அங்கேயே கிடக்கட்டும்.

இந்த வீட்டுக்கு அவள் வந்தபோது நாலு நாள் உடுப்புத்தான் அந்தப் பெட்டியில் இருந்தது. அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட சமயம். பெற்ற மகள் துளி வெளியூரில், ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேஜை வேலை. "லீவு கிடைக்கலம்மா" என்று ஒரு வரி அனுப்பினாள். அக்கா அதைப் படித்துவிட்டு, "இனிமே என் மூஞ்சியில முழிக்க வேண்டாம்னு சொல்லிடு" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். துளிக்கும் அம்மாவின் ரோஷம் அப்படியே வந்திருந்தது. அவளும் வரவில்லை. துணிக்கடை பில் மேஜையை விட்டுவிட்டு வந்தவள் சின்னவள்தான். நாலு நாள் இரண்டு வருஷமாயிற்று. அக்கா கண் மூடி மூன்று மாதமாகிறது.

பெரியவள், சின்னவள். சிறு வயதிலிருந்து இரண்டு பேருக்கும் அதுதான் பெயர். பெரியவள் போன பிறகும் சின்னவள் சின்னவளாகவே இருந்தாள்.

அத்தான் டீ டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

"துளி எத்தனை மணிக்கு வர்றா?"

"உங்க பொண்ணு. என்னைக் கேக்கறீங்க."

"எனக்கு எங்க சொல்றா? நான் அனுப்பினா ரெண்டு நீல டிக் விழுது. அதோட சரி." டீயை ஊதினார். "போர்வையைப் பாத்தா அவ மனசு எறங்கிடும்."

"அவ என்ன உங்க லிஃப்டா அத்தான், பட்டனை அமுக்கினதும் எறங்க?"

அவர் சிரித்தார். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வைக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

*

நெசவுக்கூடம் ஒரு பழைய அச்சகத்தின் மாடியில் இருந்தது. அச்சு இயந்திரங்கள் போன இடத்தில் தறிகள் வந்தன. மை வாசனை மட்டும் போகவில்லை. தெருவில் யார் வேண்டுமானாலும் சேரலாம், ஒரு தறியை எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை எல்லோரும் உட்கார்ந்து நூல் சுற்றுவார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூலைச் சுற்றினால் அதற்குத் தார் என்று பெயர். நடுவாரத்தில் நெசவு. யாருடைய துணியாவது முடிந்திருந்தால் சனிக்கிழமை அறுப்பு. அன்றைக்கு மற்ற தறிகள் எல்லாம் நின்றுவிடும். துணி இறங்குவதைப் பார்க்க எல்லோரும் மேஜையைச் சுற்றிக் கூடுவார்கள்.

இந்தப் பருவத்துக்கு, நெசவு கற்றுக்கொடுக்கிற டீச்சர் கொடுத்த வேலை, மிச்ச நூல் போர்வை. அவரவர் வீட்டிலும் கூடத்திலும் மிஞ்சிய நூலையெல்லாம் கொட்டிப் பொதுவில் வைத்தார்கள். இந்தக் கலர் போதாது, அந்தக் கலர் தீர்ந்தது என்று கோடு கோடாக வளர்ந்தன போர்வைகள்.

தறிகளோ குறுகல். போர்வையோ அகலம். அதற்கு ஒரு வழி உண்டு. துணியை மடித்த மாதிரியே இரண்டு அடுக்காக நெய்வது. ஒரு புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடது கரை புத்தகத்தின் முதுகு மாதிரி மூடியிருக்கும். வலது கரை திறந்திருக்கும். தறியை விட்டு இறக்கிப் பிரித்தால் இரண்டு மடங்கு அகலமாக விரியும். அதற்கு, எந்த அடுக்கில் நூல் போக வேண்டுமோ அந்தக் கணக்காக மிதியை மிதிக்க வேண்டும். மேல், கீழ், கீழ், மேல். இந்தக் கணக்கு மறந்து மேல், கீழ், மேல், கீழ் என்று போனால் இரண்டு கரையும் ஒட்டிக்கொள்ளும். புத்தகம் இல்லை, தலையணை உறை. இதில் வேடிக்கை என்னவென்றால், நெய்கிறவர் கண்ணுக்கு மேலடுக்கு மட்டும்தான் தெரியும். அடியில் நடப்பது துணி இறங்கும்போதுதான் ஊருக்குத் தெரியும்.

சுவரில் டீச்சர் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கும்: 'அடுத்தவர் தறியில் உட்காராதீர்கள். உட்கார நேர்ந்தால், கை மாறிய இடத்தில் சிவப்பு நூல் வையுங்கள்.'

கையெழுத்து மாதிரிதான் நெசவும். ஒருவர் அடிக்கிற அடி இன்னொருவருக்கு வராது. யார் எது வரை நெய்தார்கள் என்று பின்னால் சண்டை வரக்கூடாது என்பதற்காக அந்தச் சிவப்பு நூல்.

சண்டை வரக்கூடாது என்பதற்காக வைத்த நூல்.

*

அக்கா போன பிறகு அவள் தறி பாதியில் நின்றது. "யார் முடிக்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டபோது சின்னவள் கை தூக்கினாள். அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, பலகையில் உட்கார வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்தே நெசவு கற்றுக்கொண்டவள் அவள்.

முதல் நாள் உட்கார்ந்ததும் வலது கரைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். திறந்த கரையில் விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை.

பின்னால் தடவிக்கொண்டே போனாள். ஒரு முழத்துக்கு மூடியே இருந்தது. அதற்கப்புறம்தான் விரல் உள்ளே போயிற்று.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசி வாரங்களில் அக்கா மிதிக்கும்போது முணுமுணுத்தது. மேல், கீழ், மேல், கீழ். மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு வாங்குவதால் சுருக்கிச் சொல்கிறாள் என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள்.

சாதாரணமாக இது பெரிய விஷயமில்லை. பிரித்துவிட்டுத் திரும்ப நெய்யலாம். ஆனால் அந்த ஒரு முழத்துக்குள் ஒரு நாள் இருந்தது.

அத்தான் துளிக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு நினைவெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போயிடு" என்று கெஞ்சி வரவழைத்த நாள் அது. துளி பயணப் பையோடு நேரே நெசவுக்கூடத்துக்கு வந்தாள். மாடிப்படி ஏறி வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றாள். அக்கா மிதியை நிறுத்தினாள். மகளின் கையைப் பிடித்தாள்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் சரிதான். போயிட்டு வா."

துளி அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். மற்ற தறிக்காரர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு முழுக்க அவள் அம்மா பக்கத்திலேயே இருந்தாள். "என்னை மன்னிச்சிட்டுத்தான் போனாங்க" என்று அதற்குப் பிறகு அவள் சொல்லாத ஆள் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

சின்னவளுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. அன்று காலையில் தண்ணீர் கேன் போட வந்தவனிடமும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சரிதான், போயிட்டு வா. "என்னம்மா, நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று அவன் விழித்தான். முந்தின நாள் பஸ் கண்டக்டருக்கும் அதே மன்னிப்பு. கொத்தில் இருந்த சாவியெல்லாம் தொலைந்து ஒரே ஒரு சாவி மிஞ்சின மாதிரி, அக்காவிடம் மிஞ்சியிருந்த வாக்கியம் அது ஒன்றுதான். எந்தக் கதவானாலும் அதையே போட்டுத் திருப்பினாள்.

நாலு வரை எண்ண முடியாத நாளில் அம்மா தன்னை மன்னித்தாள் என்று துளிக்குத் தெரிந்தால்?

சிவப்பு நூலை நேர்மையாக வைத்தால் துணி எல்லாவற்றையும் சொல்லிவிடும். பிரித்தாலோ, அக்காவின் கடைசி ஒரு முழம் சிக்கு நூலாகக் குப்பைக்குப் போகும். பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை.

யோசித்தாள். பிறகு, தப்பு எந்த இடத்தில் தொடங்கியதோ அந்த இடத்துக்குப் போய், ஊசியால் கரையில் சிவப்பு நூலைக் கோத்தாள். அதற்கு மேலே இருந்த அக்காவின் ஒரு முழமும் சின்னவளுடையதாயிற்று.

அதோடு முடியவில்லை. பொய் சொன்னால் பொருந்தச் சொல்ல வேண்டுமே. மீதித் துணியையும் அவள் தப்பாகவே நெய்தாள். மேல், கீழ், மேல், கீழ். சரியாக நெய்வதைவிட அதற்கு அதிகக் கவனம் வேண்டியிருந்தது. கால் தானாகச் சரியான மிதிக்குப் போகும். பிடித்து இழுத்து வர வேண்டும்.

அவள் கணக்கு இதுதான். துளி நாலு வார்த்தை திட்டுவாள். திட்டு வாங்கி யாரும் தேய்ந்துபோனதில்லை. மூடின கரையை நீளவாக்கில் கத்தரித்து மடித்துத் தைத்துவிட்டால் போர்வை விரிந்துவிடும். அம்மாவின் மன்னிப்பும் அலுங்காமல் இருக்கும். ஒருவேளை துளியின் மனசும்.

*

"வாங்கம்மா, வாங்க. பார்சல் ரெடி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க" என்றார் தபால்காரர். ஓய்வுபெற்ற தபால்காரர். நாளெல்லாம் நடந்த கால் மிதிக்காமல் இருக்க மாட்டேன் என்கிறது என்று நெய்ய வந்தவர். துண்டைத் தவிர வேறொன்றும் நெய்ய மாட்டார்.

நெசவுக்கூடத்துக்குள் வந்த துளி சிரிக்கவில்லை. ஹோட்டல் வரவேற்பு வேலை என்பதால் யாரையும் பார்த்துச் சிரிக்கப் பழகிய முகம். சித்தி நிற்கிற இடத்துக்கு வரும்போது மட்டும் அந்தச் சிரிப்புக்கு லீவு.

"கத்தரி எங்க டீச்சர்?"

"இரும்மா. சித்தியும் வரட்டும். ரெண்டு பேருமா சேர்ந்து..."

"அம்மாவோட துணி டீச்சர். நான் மட்டும் வெட்டறேன்."

டீச்சர் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் தலையசைத்தாள். அத்தான் மாடிப்படி முடிகிற இடத்தில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றார்.

நூல்கள் ஒவ்வொரு பிடியாக அறுந்தன. துணியைச் சுருளிலிருந்து இழுத்து மேஜைமேல் போட்டார்கள். கடைசியாக நெய்தது முதலில் வரும். நீலம், சாம்பல், செங்கல் நிறம், மஞ்சள், வெள்ளை, மறுபடி நீலம். யாரும் நிறத்தைப் பார்க்கவில்லை. விரிக்கப்போகும் கரையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

துளி மேலடுக்கைப் பிடித்துத் தூக்கினாள். முழுத் துணியும் சேர்ந்து வந்தது.

"இது ஏன் பிரிய மாட்டேங்குது?"

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கரையைத் தடவினார். "கணக்கு தப்பிருக்கும்மா. மேல், கீழ், மேல், கீழ்னு போயிருக்கு. ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிச்சு."

"எங்க இருந்து?"

துளியே இழுத்துக்கொண்டு போனாள். சிவப்பு நூல் வந்தது. அதைத் தாண்டியதும் துணி புத்தகம் மாதிரி அழகாகத் திறந்துகொண்டது. ஒரு இழை பிசகவில்லை.

"சிவப்பு நூலுக்கு அந்தப் பக்கம் யாரு?"

"நான்தான்" என்றாள் சின்னவள்.

"தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

"தெரியாமத்தான்."

துளி திறந்த பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். "எங்கம்மா வலியில உக்காந்து நெய்ஞ்சிருக்காங்க. மாத்திரை போட்டுட்டு, உக்காரக்கூட முடியாம. பாருங்க, ஒரு இடத்துல தப்பிருக்கா? கடைசி வரைக்கும் அவங்க புத்தி அப்படி வேலை செஞ்சிருக்கு. கல்லு மாதிரி இருக்கற உங்களுக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியல."

"துளி..." என்றார் அத்தான், மாடிப்படியிலிருந்து.

"நீங்க பேசாதீங்கப்பா. அம்மாவோட பலகையிலயும் உக்கார வெச்சாச்சு, அம்மாவோட வீட்டுலயும் உக்கார வெச்சாச்சு. போர்வை கேட்டா கோணிப்பை குடுத்திருக்காங்க."

அத்தான் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அது ரிப்பேராக இருந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சரி விடும்மா" என்றார் டீச்சர். "ஒண்ணும் குடி முழுகிப் போயிடல. ஓரத்தை நீளவாக்குல கத்தரிச்சு மடிச்சுத் தைச்சா விரிஞ்சிடும். நானே தைச்சுத் தரேன்."

சின்னவளுக்கு மூச்சு திரும்பியது. இவ்வளவுதான். அவள் போட்ட கணக்கு சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் டீச்சர்." துளி கத்தரியை எடுத்தாள். "அம்மா கை வரைக்கும் எனக்குப் போதும்."

நீளவாக்கில் வைக்கவில்லை. குறுக்கே, சிவப்பு நூலின் மேல் வைத்தாள்.

"துளி, வேண்டாம்!"

கத்தியே விட்டாள் சின்னவள். கத்தரி நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏன்?"

கத்தரியை நிறுத்த ஒரு வாக்கியம் போதும். அந்தப் பக்கமும் உங்கம்மாதான். அவ்வளவுதான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அதற்கடுத்தது. தண்ணீர் கேன் போடுகிறவன் வரை போய்த்தான் நிற்கும்.

"ஓரம் தைக்காம வெட்டினா... நூல் பிரிஞ்சிடும்" என்றாள்.

"பிரியட்டும்."

இரட்டைத் துணியில் கத்தரி போகிற சத்தம் சின்னச் சத்தமில்லை. நறநறவென்று, பல்லைக் கடிக்கிற மாதிரி, ஒரு கரையிலிருந்து மறு கரை வரை போயிற்று. துண்டான பகுதியைத் துளி சுருட்டி, மேஜைக்கு இந்தப் பக்கம் எறிந்தாள். சின்னவளின் காலடியில் விழுந்தது.

"இந்தாங்க, உங்க பங்கு. பெட்டி கட்டறப்ப அடியில விரிச்சுக்குங்க."

"என்னம்மா இது, போஸ்ட் பண்ணின லெட்டரைக் கிழிக்கிற மாதிரி..." என்று தபால்காரர் தொடங்கினார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

துளி தன் பங்கை மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அப்பா ஒதுங்கி வழி விட்டார்.

கீழே கிடந்ததை டீச்சர்தான் குனிந்து எடுத்தார். விரல்களால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். முன்னும் பின்னும் தடவினார்.

"இந்த ஒரு முழம் மட்டும் நெகிழ்வா இருக்கே. அதுக்கப்புறம் இறுக்கமா இருக்கு. இந்த முழம் உன்..."

"அன்னைக்கெல்லாம் எனக்குக் கை வலி டீச்சர்."

டீச்சர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு துணியை மடித்துக் கையில் கொடுத்தார்.

"சரி. கை வலின்னே வெச்சுக்குவோம்."

*

சின்னவளும் அத்தானும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். தெரு திரும்பியதும் அத்தான் கேட்டார்.

"அந்த ஒரு முழம் உங்க அக்காவோடதுதானே?"

சின்னவள் நின்றுவிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கத்துலயும் அதைத்தான் சொல்லிட்டிருப்பா. மேல், கீழ், மேல், கீழ். லிஃப்ட்காரன் காதுல அது விழாம இருக்குமா?" மறுபடி நடந்தார். "நீ ஏன் வாயைத் திறக்கல?"

"நீங்க ஏன் திறக்கல அத்தான்?"

"நான்தானே அவளுக்குப் போன் பண்ணினேன். அம்மா தெளிவா இருக்கான்னு நான்தானே சொன்னேன். இப்ப போய், இல்லம்மா, அவ தண்ணி கேன்காரனுக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொன்னான்னு எப்படிச் சொல்றது?"

அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அப்போ உங்க பொய்யைக் காப்பாத்தறதுக்கு நான் வீட்டை விட்டுப் போகணும்."

"அப்படி இல்ல..."

"வேற எப்படி?"

வீட்டு வாசலில் சாவியைத் துழாவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உங்க ஊருக்கு பஸ்ஸு காலையிலயா, சாயந்திரமா?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு முதல் தடவையாக. ராத்திரியும் பகலுமாக அக்காவைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, அவள் முனகலுக்கெல்லாம் எழுந்த இரண்டு வருஷத்துக்கு இந்த வீட்டில் கிடைத்த சான்றிதழ், பஸ் நேரம்.

"ரெண்டு நேரமும் இருக்கு அத்தான். உங்களுக்கு எது வசதி?"

அவர் உள்ளே போய் டிவியைப் போட்டார். சத்தமாக வைத்தார்.

*

பெட்டியைக் கட்டிலின் மேல் திறந்து வைத்தாள். உடுப்புகளை மடித்தாள். வந்ததைவிட இரண்டு புடவை அதிகம், இரண்டும் அக்காவுடையவை. அவற்றை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். அதற்கும் யாராவது கணக்குக் கேட்பார்கள்.

துளி சொன்னபடியே துணியைப் பெட்டிக்கு அடியில் விரித்தாள். ஒரு பக்கம் வெட்டுப்பட்ட ஓரம், அதற்குள் நூல் நூலாகப் பிரியத் தொடங்கியிருந்தது. சிவப்பு நூலின் துணுக்கு ஒன்று அதில் தொங்கியது. அங்கிருந்து ஒரு முழம் அக்கா. நெகிழ்ந்து, தளர்ந்து, குறுக்கே போகும் ஊடைநூல் ஒன்றோடொன்று சேராமல், வழி தெரியாமல் நடக்கிற மாதிரி. அதற்குப் பிறகு சின்னவளின் இறுக்கமான அடி.

உறைக்குள் கை விடுகிற மாதிரி இரண்டு அடுக்குக்கும் நடுவே கையை விட்டாள். வெளிச்சத்தில் துணி லேசாகத் தூக்கிக்கொண்டது. அக்காவின் ஒரு முழத்துக்கு நடுவே விரல்களுக்கு மேல் ஒரு மஞ்சள் கோடு.

மஞ்சள்.

அந்தக் கோடு ஒழுங்காக இல்லை. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. தார் சரியாகச் சுற்றாவிட்டால் நூல் அப்படித்தான் வரும். நாடா போகும்போது கொத்தாக உருவிக்கொள்ளும்.

பொது மூட்டையில் மஞ்சள் நூல் ஒரே ஒரு சிட்டம், ஒரு கட்டுத்தான் இருந்தது. டீச்சர் வீட்டிலிருந்து கொண்டு வந்தது. அதை யார் சுற்றினார்கள் என்று சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. வந்ததும் கை உள்ளேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு அழுது முடித்த பிறகு துளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் ஏதாவது செய்யறேன் சித்தி" என்றாள். அன்றைக்கு அவளுக்குச் சித்திமேல் கோபம் கிடையாது. சின்னவள்தான் அவளிடம் அந்த மஞ்சள் சிட்டத்தையும் குழலையும் கொடுத்தாள். பழக்கமில்லாத கை, கோணல் மாணலாகச் சுற்றியது. அக்கா அதை வாங்கி நாடாவில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் நெய்தாள். துளி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, தன் மஞ்சள் துணியாவதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. அந்த முழத்தைத் தப்பாக நெய்த கை யாருடையது என்று இந்தக் கோடே சொல்லிவிடும்.

தலையணைப் பக்கத்தில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள். வலது கை இன்னும் துணிக்குள்ளேயே இருந்தது.

"சித்தி." துளியின் குரல். காலையில் கேட்ட குரலே இல்லை.

"சொல்லு."

"அன்னைக்கு நான் ஒரு தார் சுத்திக் குடுத்தேனே. மஞ்சள். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா அதை நெய்ஞ்சாங்க. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன். அம்மா கையால நெய்ஞ்சது சித்தி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரூம் முழுக்கப் போர்வையை விரிச்சுப் போட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். இதுல மஞ்சளே இல்ல."

முன்னறையில் டிவி சத்தம் சட்டென்று நின்றது.

"சித்தி, நான் வெட்டி எறிஞ்சதுல மஞ்சள் இருக்கா?"

இருக்கு என்றால் ஒரு வார்த்தை. இல்லை என்றாலும் ஒரு வார்த்தை. அறை வாசலில் அத்தான் வந்து நின்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் கண் அவள் முகத்தில் இல்லை, திறந்திருந்த பெட்டியில் இருந்தது.

நாலு வரை எண்ணத் தெரியாதவள் என்று காலையில் பெயர் வாங்கியவள், உதட்டை அசைக்காமல் நாலு வரை எண்ணினாள். மேல், கீழ், கீழ், மேல்.

பிறகு வாயைத் திறந்தாள்.